திண்டுக்கல்லில் அரசியல் அறிவியல், உலக வரலாற்றுப் படிப்பு

அரசு எப்படி உருவாகிறது, அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அதற்கு வரம்பு கட்டுவது எது என்பவற்றை ஆராய்வது அரசியல் அறிவியல். அத்தகைய அரசுகள் பல கண்டங்களில் எழுந்ததையும் விழுந்ததையும் ஒன்றோடொன்று மோதியதையும் கூறுவது உலக வரலாறு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் இணைந்தே வருகின்றன. மூன்றாண்டு, ஆறு பருவங்கள் கொண்ட இளங்கலைப் படிப்பில், பகுதி 1 தமிழும் பகுதி 2 ஆங்கிலமும் போக, முதன்மைப் பாடமாக ஒன்றையும் துணைப்பாடமாக மற்றொன்றையும் மாணவர்கள் படிப்பதுண்டு. பிளேட்டோ முதல் மார்க்ஸ் வரையிலான அரசியல் சிந்தனை, இந்திய அரசியலமைப்பு, பன்னாட்டு உறவுகள், பிரெஞ்சுப் புரட்சி, இரு உலகப் போர்கள் ஆகியவை பாடத்திட்டத்தின் வழக்கமான பகுதிகள்.

திண்டுக்கல் நகரில் ஜி.டி.என். கலைக் கல்லூரி 1964இலும், எம்.வி. முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி 1966இலும் தொடங்கின. வீட்டிலிருந்தே பேருந்தில் போய்ப் பட்டம் பெறும் வாய்ப்பு சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்களுக்கு இதனால் கிடைத்தது.

உலக வரலாற்றைக் கற்கத் திண்டுக்கல் மலைக்கோட்டையைவிட நல்ல தொடக்கம் இவ்வட்டாரத்தில் இல்லை. 1605இல் மதுரை நாயக்கர் ஆட்சியில் கட்டப்பட்ட இக்கோட்டைக்கு 1755இல் மைசூரின் ஹைதர் அலி பொறுப்பேற்றார். பிரெஞ்சுப் பொறியாளர்களை வரவழைத்து அவர் இங்கே ஆயுதச் சாலை அமைத்தார். காளையார்கோவில் போருக்குப் பின் சிவகங்கையை இழந்த அரசி வேலு நாச்சியார், திண்டுக்கல்லுக்கு மேற்கேயுள்ள விருப்பாச்சியில் கோபால நாயக்கரின் பாதுகாப்பில் தங்கி ஹைதரின் உதவியைப் பெற்று, 1780இல் தம் நாட்டை மீட்டார். அந்த ஆண்டே தொடங்கிய இரண்டாம் மைசூர்ப் போரில் பிரெஞ்சுப் படை ஹைதர் பக்கம் நின்றது. அமெரிக்க விடுதலைப் போரில் இங்கிலாந்துக்கு எதிராகப் பிரான்ஸ் இறங்கியிருந்ததே அதற்குக் காரணம். 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே காரன்வாலிஸ், பின்னர் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து ஹைதரின் மகன் திப்பு சுல்தானைப் பணியவைத்தார். 1792இல் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமானது. அமெரிக்க விடுதலைப் போரும் மைசூர்ப் போர்களும் பாடநூலில் தனித்தனி அலகுகளாக நிற்பதால் இத்தொடர்பு மாணவர்களின் கண்ணில் படாமலே போய்விடுகிறது. இது பெரிய இழப்பு. திண்டுக்கல் கம்பெனி வசமான பின்னும் எதிர்ப்பு ஓயவில்லை. கம்பெனியை எதிர்த்துப் பாளையக்காரர்களை ஒன்றுதிரட்டிய விருப்பாச்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார்.

அரசியல் அறிவியலுக்கும் இங்கேயே ஒரு முக்கியமான பாடம் உண்டு. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய அண்ணா தி.மு.க., ஏழே மாதத்தில், 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் தன் முதல் வெற்றியைப் பெற்றது. இரட்டை இலைச் சின்னத்தில் மாயத் தேவர் வென்றார். பழைய காங்கிரஸ் இரண்டாம் இடம் பெற, ஆளும் தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. அதிக வாக்கு பெற்றவரே வெற்றி பெறும் தேர்தல் முறை இரு பெரும் கட்சிகளுக்கு வழிவிடும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் துவெர்ஜே 1951இல் எழுதினார். தமிழ்நாட்டில் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு நீடித்த இருமுனைப் போட்டியோடு அக்கருத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் திண்டுக்கல் முடிவு நல்ல தொடக்கப் புள்ளி. ஆனால் மூன்றாம் அணிகள் அவ்வப்போது பெற்ற வாக்குகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாக அமையும்.

நகருக்குத் தெற்கே, சின்னாளபட்டியை ஒட்டியுள்ள காந்திகிராமம் இப்படிப்பை வேறொரு திசையில் கொண்டுசென்றது. மருத்துவர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய இந்த அமைப்பில் 1956இல் கிராமிய உயர்கல்வி தொடங்கியது. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. சௌந்தரமே சட்டமன்ற உறுப்பினராகவும், 1962இல் திண்டுக்கல்லின் மக்களவை உறுப்பினராகவும் இருந்தவர். இங்குள்ள துறையின் பெயரிலேயே அரசியல் அறிவியலோடு வளர்ச்சி நிர்வாகமும் சேர்ந்திருக்கிறது. 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டு, 1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, ஊராட்சி ஆய்வும் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கான பயிற்சியும் இந்நிறுவனத்தின் முக்கியப் பணிகளாயின. முதன்முறையாகப் பதவிக்கு வந்த பெண் தலைவர்கள் கூட்டத்தை எப்படி நடத்துவது, வரவு செலவை எப்படிக் கேட்டறிவது போன்ற கேள்விகள் வகுப்பறைக் கோட்பாட்டை ஊருக்குள் இறக்கின.

திண்டுக்கல் மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. கிராம சபைக் கூட்டத்தில் அமர்ந்து குறிப்பெடுப்பது, தீர்மான நூலைப் படித்துப் பார்ப்பது, இடஒதுக்கீட்டில் வென்ற தலைவர் தாமே முடிவெடுக்கிறாரா என்று விசாரிப்பது ஆகியவை மாணவர்கள் செய்யக்கூடிய களப்பணிகள். பட்டதாரிகளில் பலர் அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளுக்கும் ஆசிரியர் பணிக்கும் சட்டப் படிப்புக்கும் செல்கின்றனர். தேர்வாணையத் தாள்களில் இந்திய ஆட்சியியலும் வரலாறும் இடம்பெறுவதால் இப்பாடங்கள் அங்கே நேரடியாகக் கைகொடுக்கின்றன.