அரங்கேற்றமும் அச்சு யந்திரமும்

கவி பாடியவன் அதைப் பிறர் செவியில் இடாமல் உறங்கான். ஆயின், அவன் நாடுவது குணதோஷ விசாரணையா, வெறும் புகழ்ச்சியா என்பதே நாம் ஆராய வேண்டுவது.

பண்டைத் தமிழர் இதற்கென வகுத்த முறையே அரங்கேற்றம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பனம்பாரனார் பாயிரம் கூறும். அதற்கு நச்சினார்க்கினியர் உரைக்கும் கதை கவனிக்கத்தக்கது. அந்நூலைக் கேளற்க என்று அகத்தியர் ஆசானைத் தடுத்தாராம். தொல்காப்பியரோ பன்முறை சென்று, கேட்டே ஆகவேண்டுமென வேண்டினாராம். இருவரும் வெகுளாதிருக்கும் பொருட்டு, நூலைக் கேட்டுக் குற்றங் கூறிவிடுவதென ஆசான் துணிந்தார். அவர் எழுப்பிய வினாக்களுக்கெல்லாம் நூலாசிரியர் விடை தந்தார். கதை மெய்யோ, பொய்யோ அறியோம். அதனுள் அடங்கிய நெறி மெய்யே. குற்றங் காண்பவரையே வலிந்தழைத்து, சினமின்றி விடை கூறுவதன்றோ புலமை!

பிற்காலத்தில் இந்நெறி இருபுறமும் சாய்ந்தது. ஒருபுறம், நண்பரிடம் சாற்றுக்கவி வாங்கி நூலின் முகப்பிலே சேர்க்கும் வழக்கம் பெருகிற்று. அதிலே புகழ்ச்சியன்றிப் பிறிதில்லை. மறுபுறம், 1867இல் வெளிவந்த திருவருட்பாவைப் பற்றிய விவாதம் கண்டன நூலாகவும் வசையாகவும் முற்றி, 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. முன்னதில் குற்றமே பேசப்படவில்லை. பின்னதில் பாட்டை விட்டு ஆளையே பேசினர்.

கடல் கடந்த தமிழனுக்கோ அரசவையுமில்லை, ஆசானுமில்லை. அவனுக்கு அவையாக வாய்த்தது அச்சு யந்திரமே. 1887இல் சிங்கப்பூரில் சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகர் அந்தாதி' அச்சேறியது. மகுதூம் சாயபுவின் 'சிங்கை நேசன்' வார இதழும் அவ்வாண்டே தோன்றியது. 1935இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் 'தமிழ் முரசு' பிறந்தது. 1950-51இல் கோலாலம்பூர் 'தமிழ் நேசன்' கதை வகுப்பு நடத்திற்று, சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் புதியவர்களின் எழுத்தைத் திருத்திக் கற்பித்தனர். 1952இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முர'சில் எழுத்தாளர் பேட்டையைத் தொடங்கினார். கவிஞர்கள் மாதந்தோறும் கூடிக் கவிதை படிக்கும் 'கவிமாலை' 2000இல் சிங்கப்பூரில் தோன்றியது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? பாண்டியன் அவைக்குள் பால்மரம் வெட்டுபவன் புகுந்திருக்க இயலாது. துறைமுகக் கூலிக்கும் அங்கே இடமிராது. பத்திரிகையோ தபால் தலை ஒட்டிய எவருக்கும் அரங்கைத் திறந்தது. பிறப்பும் பட்டமும் கேளாமல் எழுத்தை மட்டும் நோக்கும் அவை அதுவே.

அத்தகைய அவையைப் பெற்ற நாம், அங்கே சாற்றுக்கவியை மட்டும் எதிர்பார்ப்போமாயின் பெற்றதை இழந்தவராவோம். எழுதியவன் தோட்டத்துத் தொழிலாளி என்று இரங்கிக் குற்றத்தை மறைப்பதும் அவனை இழிவுபடுத்துவதேயாகும். பண்டிதருக்குச் சொல்லும் குற்றத்தை அவனுக்கும் சொல்வதே சமத்துவம். கேட்பவனும் தன்னைப் பழித்ததாகக் கொள்ளாது, தன் பாட்டைத் திருத்தியதாகக் கொள்ளட்டும். பன்முறை சென்று அழைத்த தொல்காப்பியருக்கு இல்லாத நாணம் நமக்கு எதற்கு?