அஃப்யூன் முதல் நலோக்சோன் வரை: சிக்காகோவின் அனுபவம்

சில வருடங்களுக்கு முன் என்னிடம் தமிழ் படித்த ஒரு பொடியனின் ஜனாஸாவுக்குப் போயிருந்தேன். வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்காது. மாரடைப்பு என்றார்கள். தூள்தான் காரணம் என்பது மையவாடியில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு மனைவியோடு அவனது வீட்டுக்குப் போனபோது உம்மா சொன்னார்: "பெரிசாக் குறட்டை விட்டு உறங்கினான் சேர். ரெண்டு மூணு நாளா உறக்கமில்லாமத் திரிஞ்ச புள்ள, எழுப்பப்படாதெண்டு விட்டுட்டன்."

அந்தக் குறட்டை மனதில் கிடந்து உறுத்தியதால்தான் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

அபின் என்று நாம் சொல்வது அரபியின் 'அஃப்யூன்'. அரபிக்கு அது கிரேக்கத்திலிருந்து போனது. அபின் அளவு மீறினால் ஆளைக் கொல்லும் என்பது நமது பழைய ஹகீம்களுக்கு நன்றாகவே தெரியும். 11ஆம் நூற்றாண்டில் அல்-பிரூனி தமது மருந்தியல் நூலில், வெப்ப நாட்டவர்கள், விசேடமாக மக்காவாசிகள் சிலர், மனச்சுமை தீரவும் நல்ல உறக்கம் வரவும் தினமும் அபின் உண்பதையும், சிறிதாகத் தொடங்கி உயிரைப் பறிக்கும் அளவுவரை கூட்டிக்கொண்டே போவதையும் பதிவு செய்திருக்கிறார். 1037இல் மறைந்த இப்னு சீனாவின் இறுதி நாட்களிலும் அபின் வருகிறது. பணியாள் ஒருவர் வேண்டுமென்றே அவரது மருந்தில் அதனை அதிகமாகக் கலந்துவிட்டதாக மாணவர் அல்-ஜூஸ்ஜானி எழுதிய வரலாறு கூறுகிறது. ஆக, நோய் தெரிந்திருந்தது. முறிமருந்துதான் இல்லை. அதற்கு இன்னும் 900 வருடங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த முறிமருந்தின் பெயர் நலோக்சோன். ஜாக் ஃபிஷ்மன், மோசஸ் லெவன்ஸ்டைன் என்ற இருவர் 1961இல் நியூயோர்க்கில் அதற்குக் காப்புரிமை கோரினார்கள். அபின் வகை மருந்துகளை நெடுநாள் பாவிப்பவர்களுக்கு வரும் மலச்சிக்கலுக்கு வழி தேடியபோது கிடைத்த பொருள் என்பது ஒரு வேடிக்கை. அது செய்யும் வேலை எளிமையானது. ஹெரோயின், மோர்ஃபின் எல்லாம் மூளையில் ஒரே இடத்தில்தான் போய்க் குந்துகின்றன. அளவு மீறினால், மூச்சு விடச் சொல்லும் மூளைப் பகுதி சோர்ந்துவிடும். உதடும் நகக்கண்ணும் நீலம் பாரிக்கும். தொண்டை தளர்ந்து, இறுகிய குறட்டை போன்ற ஒரு சத்தம் வரும். பார்ப்பவருக்கு அது உறக்கம். உள்ளே மூச்சு நின்றுகொண்டிருக்கிறது. நலோக்சோன் அந்த இடத்திலிருந்து ஹெரோயினைத் தள்ளிவிட்டுத் தான் குந்திக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஆள் மூச்செடுப்பான். போதை தராது, பழக்கமாகாது, அபின் வகை உடலில் இல்லாதவனுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் வலு அரை மணியிலிருந்து ஒன்றரை மணிவரைதான் நிற்கும். அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

1971இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது. அதன் பின் சுமார் 25 வருடங்கள் இம்மருந்து ஆஸ்பத்திரியிலும் அம்புலன்ஸிலும்தான் இருந்தது. மூச்சு நிற்பதோ வீட்டறையில், கழிவறையில், நண்பன் ஒருவன் பக்கத்தில் இருக்கும்போது. அந்த நண்பன் அம்புலன்ஸைக் கூப்பிடமாட்டான். கூப்பிட்டால் பொலிஸும் சேர்ந்து வரும் என்ற பயம். முகத்தில் தண்ணீர் தெளிப்பான், கன்னத்தில் அறைவான், சிலவேளை விட்டுவிட்டு ஓடிவிடுவான். மருந்து ஓரிடம், மௌத்து வேறிடம்.

இதை மாற்றியவர்கள் சிக்காகோவின் சில சாதாரண மனிதர்கள். 1990களின் தொடக்கத்தில், ஊசிவழி எய்ட்ஸ் பரவுவதைத் தடுக்க, பாவித்த ஊசியை வாங்கிப் புது ஊசி கொடுக்க ஆரம்பித்த அமைப்பு சிக்காகோ ரிக்கவரி அலையன்ஸ். முன்னின்றவர்களில் ஒருவர் டான் பிக். அவர்களோடு சேர்ந்து உழைத்த ஜோன் சைலர் 1996இல் ஹெரோயின் அளவு மீறி இறந்தார். நண்பனை அடக்கிவிட்டு வந்தவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: நலோக்சோனைப் பாவனையாளர்களின் கையிலேயே கொடுப்பது. அப்படி ஒரு வழக்கம் அந்த நாட்டில் அதற்கு முன் இருக்கவில்லை. மருந்துச் சீட்டு ஒருவர் பெயருக்குத்தான் எழுதலாம். மூச்சடைத்தவனோ தனக்குத்தானே ஊசி போட முடியாது. அவனுக்குப் போடப்போகும் பக்கத்து ஆளுக்கு எப்படிச் சீட்டு எழுதுவது? துணிந்த டொக்டர்கள் சிலர் அவர்களோடு நின்றார்கள். குப்பி, ஊசி, அறிகுறிகளைப் பற்றிச் சில நிமிடப் பயிற்சி. இவ்வளவுதான் முழுத் திட்டமும்.

2001இல் அது முறையான திட்டமானது. 2006இல் அவர்களே வெளியிட்ட ஆய்வறிக்கையில், 3,500க்கும் மேற்பட்ட குப்பிகள் கொடுக்கப்பட்டு 319 பேர் மீட்கப்பட்டதாகத் தகவல் வந்திருந்தது. சிக்காகோ அமைந்துள்ள குக் கவுன்ட்டியில் 1996க்கும் 2000க்கும் இடையே நான்கு மடங்காகியிருந்த ஹெரோயின் மரணங்கள் 2001இல் 20 வீதம் குறைந்தன. முழுப் புகழையும் அந்தக் குப்பிக்கே கொடுக்க முடியாது, ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய எண் அல்ல. மற்ற ஊர்களும் பின்தொடர்ந்தன. 1996 முதல் 2010 வரை இத்தகைய திட்டங்கள் 53,032 பேருக்குப் பயிற்சியளித்தன, 10,171 மீட்புகள் பதிவாகின என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் கணக்குச் சொன்னது. 2014இல் உலக சுகாதார நிறுவனம், அருகிருப்பவர் யாராயினும் அவருக்கு இம்மருந்தும் பயிற்சியும் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2023இல் மூக்கில் தெளிக்கும் நலோக்சோனைச் சீட்டில்லாமல் விற்க அமெரிக்கா அனுமதித்தது.

மரணம் அதோடு நின்றுவிடவில்லை. ஃபென்டனில் என்னும் பன்மடங்கு வலுவான பொருள் சந்தைக்கு வந்தபின் அந்த நாட்டில் வருடமொன்றுக்கு 1,00,000க்கும் அதிகமானோர் போதைப்பொருளால் இறந்த காலமும் வந்தது. 2024இல்தான் அந்த எண்ணிக்கை பெரிதாக இறங்கியது. அதற்குச் சொல்லப்படும் பல காரணங்களில் நலோக்சோனும் ஒன்று. ஜாக் ஃபிஷ்மனின் மனைவியுடைய மகனே 2003இல் ஹெரோயினால் இறந்தார். மருந்தைக் கண்டுபிடித்தவரின் குடும்பத்திலும் அது நேரத்துக்குக் கைக்கு எட்டவில்லை. டான் பிக் 2018இல், 59 வயதில், போதைப்பொருள் அளவு மீறித் தமது வீட்டில் இறந்தார். இதைக் காட்டி அவருடைய வேலையே வீண் என்று சொல்வோரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் யாருக்காக உழைத்தாரோ அவர்களுக்கு வெளியே நின்றவரல்ல என்பதே அதில் தெரிகிறது.

மருந்தைக் கொடுத்தால் பயம் விட்டுப்போய் இன்னும் பாவிப்பார்கள் என்ற ஆட்சேபம் அங்கும் பலமாக இருந்தது, இங்கும் கேட்கும். போதை ஹறாம், அதில் பேச்சில்லை. ஆனால் குடித்துவிட்டுக் கடலில் இறங்கியவன் மூழ்கினால் நாம் கரையில் நின்று பத்வா கேட்பதில்லை. நலோக்சோன் போதைப் பழக்கத்தைத் தீர்க்கும் மருந்தல்ல. தீர்ப்பதற்கு ஆள் உயிரோடு இருக்கட்டும் என்பதற்கான மருந்து.

இதையெல்லாம் வாசித்த சூட்டில் நமது ஊர்ப் பள்ளி நிர்வாகத்தில் உள்ள ஒருவரிடம் போய், குறட்டை, நீல உதடு, எழுப்பிப் பார்ப்பது, ஒருக்களித்துக் கிடத்துவது, உடனே அம்புலன்ஸைக் கூப்பிடுவது பற்றித் தாய்மாருக்கு ஒரு வகுப்பாவது வைக்கலாமே என்று கேட்டேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் நம்மட ஊர்ல இல்லையே சேர்" என்றார்.

அந்த ஜனாஸாவில் அவர் எனக்கு முன் ஸஃப்பில் நின்றவர்.