சின்னக் காடியின் பெரிய மூச்சு



1877-இல் கோலகங்சாரில் பால்மரக் கன்று நட்டார்கள். பின்னாளில் நம் முன்னோர் வெட்டிய பால் உலகக் காடிகளுக்கு டயரானது. என்ஜின் கதையையும் அறிவோமே!

காற்றும் பெட்ரோலும் கலந்து என்ஜினுக்குள் போகும் குழாய்க்கு இன்டேக் மனிபோல்டு என்று பெயர். அதுதான் காடியின் மூச்சுக்குழல். வழி குறுகினால் பலமும் குறையும். 1959-இல் வந்த மினி காடிக்கு 848 சி.சி., 34 குதிரைச் சக்தி. 1961-இல் மினி கூப்பருக்கு என்ஜினை 997 சி.சி. ஆக்கி, இரட்டைக் கார்புரேட்டரும் அதற்கேற்ற மனிபோல்டும் பூட்டினார்கள். சக்தி 55 ஆனது. 1964-இல் அதன் வழிவந்த கூப்பர் எஸ், மாண்டி கார்லோ பந்தயத்தில் பெரிய காடிகளையெல்லாம் முந்தி வென்றது.

நம்ம தோட்டத்துப் பிள்ளைங்களுக்குத் திறமை இல்லாமலா போச்சு? வழிதான் குறுகல். அதை அகலமாக்குவோம். பால்வாளி தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் ஸ்பேனரும் பிடிக்கட்டும், புத்தகமும் பிடிக்கட்டும்!