பெயர் விழும் இடம்

காணொளிப் பாட்டுக்குப் பரிசு தருவதை ஆண்டுச் சடங்காக்கியது அமெரிக்க எம்டிவி, 1984இல். ஜப்பானுக்கென்று தனி விழா வந்தது 2002இல். 'ஆண்டின் சிறந்த காணொளி' என்றாலும் பரிசு போவது படம்பிடித்தவருக்கல்ல, பாடியவர் பெயருக்கு. ஆக, சடங்கின் முதல் வேலை பெயரை உற்பத்தி செய்வது. 1981இல் தொடங்கிய அத்தொலைக்காட்சி கறுப்பர் பாட்டை ஏறக்குறைய ஒதுக்கியே வைத்திருந்தது. ராப்புக்குத் தனிப் பரிசு 1989இல்தான். வித்த பிறகுதானே விருது!

இதே கேள்வி அரக்கோணத்துக்காரரான அறிவை வைத்து இங்கே எழுந்தது. 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'க்குப் பின்னால் இருப்பது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவர் பாட்டியின் கதை. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் பங்காக எழுதியது. அந்தக் கணக்கில் தலை உண்டு, பேர் கிடையாது. ஒப்பாரிக்கும் ஆசிரியர் பெயர் இல்லை. ஆனால் அது அழுதவர்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு.

அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீ, ஷான் வின்சென்ட் டி பால், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கண்டித்த பிறகு இணைய அட்டையில் அறிவு வந்தார். 2022 ஜூலையில், சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் மேடையில் தீ பாடினார். அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்றது ஒரு விளக்கம். மெட்டு, வரி, குரல் எல்லாம் தன்னுடையவை என்று அறிவு எழுதினார். இசை தன்னுடையது, கூட்டு உழைப்பு என்றார் சந்தோஷ் நாராயணன். 2024இல் அவரே சொன்னார்: பாட்டால் மூவருக்கும் ஒத்த ரூபாய்கூட வரல.