விருத்தாசலத்துப் பாதையும் படைத்துறைக் கடிதங்களும்

படைத்தலைவன் ஒருவன் வரைந்த கடிதத்தை எவ்வாறு வாசிப்பது என்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகள் 23ஆம் அதிகாரம் நமக்கு நல்லதொரு பாடம். சேனாபதியாகிய கிலவுதியு லீசியா தேசாதிபதி பேலிக்சுக்கு அனுப்பிய நிருபத்தில், பவுல் ரோமன் என்று அறிந்தமையால் போர்ச்சேவகரோடு சென்று அவரை விடுவித்ததாகக் கூறுகிறான். முந்திய இரு அதிகாரங்களை வாசித்தோர் நடந்தது வேறு என்பதை அறிவர். அவன் முதலில் பவுலைச் சங்கிலிகளால் கட்டுவித்தான். அடித்து விசாரிக்கவும் கட்டளையிட்டான். அதன் பின்னரே அவர் ரோமன் என அறிந்து அஞ்சினான். கட்டியதும் அடிக்கச் சொன்னதும் கடிதத்தில் இல்லை. லூக்கா இரண்டையும் ஒரே நூலில் வைத்துவிட்டு, ஒரு சொல்லும் விமரிசியாமல் கடந்து செல்கிறார்.

நமது நாட்டிலும் இத்தகைய நிருபங்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. எழும்பூரில் 1909இல் எழுந்த சென்னை ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆலோசனைக் குறிப்பேடுகள், படைத்துறை உத்தரவுகள், நவாபுகளோடும் பாளையக்காரரோடும் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவை பேணப்பட்டு வருகின்றன. சென்னையில் படைத்துறைக்கெனத் தனிக் குறிப்பேடுகள் 1752இலிருந்து கிடைக்கின்றன. அதற்கு முற்பட்ட செய்திகளைத் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை ஏடுகளில் தேடவேண்டும். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதிலிருந்து 1752வரை அக்கோட்டையே கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடமாக இருந்தது. தேதிகளிலும் எச்சரிக்கை வேண்டும். இங்கிலாந்து புதிய நாட்காட்டியை ஏற்றது 1752 செப்டம்பரில்தான். ஆகவே 1751இல் ஒரே நாளைக் குறிக்கும் ஆங்கிலேயர் கடிதத்திற்கும் புதுச்சேரிக் கடிதத்திற்கும் 11 நாள் வேறுபாடு காணப்படும். இதை அறியாத மாணவன், பதில் கடிதம் கேள்விக்கு முன்னரே வந்துவிட்டதாக எண்ணித் திகைப்பான்!

இவ்வேடுகளில் ‘வெர்டாசெலம்’ என்று ஓர் ஊர் வருகின்றது. அதுவே நமது விருத்தாசலம். இன்று பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற இவ்வூர், தேவாரம் பாடிய முதுகுன்றம். மணிமுத்தாற்றங்கரையில் விருத்தகிரீசுவரர் திருக்கோயில் அமைந்த தலம். ஆனால் படை அதிகாரிகளின் கண்களுக்கு அது கோயிலன்று, கோட்டை. உயர்ந்த மதில் உண்டா, உள்ளே எத்தனை பேர் தங்கலாம், திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் வழியை அங்கிருந்து காக்க இயலுமா என்பவையே அவர்கள் வினாக்கள்.

கருநாடக நவாபு பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் போட்டியிட்ட காலம் அது. 1751 ஏப்ரலில் கேப்டன் ஜிஞ்சன் தலைமையில் புறப்பட்ட ஆங்கிலப் படை, கோயிலினுள் இருந்த சந்தா சாகிபின் வீரர்களைப் பணியவைத்து, அங்கே ஒரு சிறு காவற்படையை நிறுத்தியது. அப்படையோடு உணவுப் பொருள் அலுவலராகச் சென்றவர் இராபர்ட் கிளைவ். அவர் பெயர் உலகறிய இன்னும் சில மாதங்கள் இருந்தன.

ஜூலையில் நிலைமை மாறிற்று. கொள்ளிடத்திற்கு வடக்கே முகமது அலிக்கு உரியதாக எஞ்சிய ஒரே அரண் விருத்தாசலமே. அதனையும் அண்டைப் பாளையக்காரர் ஒருவரின் ஆட்கள் முற்றுகையிட்டிருந்தனர். டேவிட் கோட்டை ஆலோசனைச் சபையின் உறுப்பினர் ஜார்ஜ் பிகட் 80 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் தளவாடங்களைக் கொண்டு சென்றார். கிளைவும் உடன் சென்றார். முற்றுகை எளிதில் கலைந்தது; படை திருச்சிராப்பள்ளிக்குத் தொடர்ந்து சென்றது. பிகட்டும் கிளைவும் 12 சிப்பாய்களையும் சில பணியாட்களையும் மட்டும் அழைத்துக்கொண்டு கோட்டைக்குத் திரும்பினர். வழியில் பாளையக்காரரின் ஆட்கள் திரித் துப்பாக்கிகளோடு அவர்களை வளைத்துக்கொண்டனர். பல மணி நேரம் சண்டை நீடித்தது. 7 சிப்பாய்களும் பணியாட்கள் சிலரும் மாண்டனர். தோட்டாக்கள் தீர்ந்தபின், எஞ்சியோர் சிதறி ஓடும்படி உத்தரவாயிற்று. ஆங்கிலேயர் இருவரும் குதிரைகளின் வேகத்தால் உயிர் தப்பினர்.

இதனை நமக்குக் கூறுபவர் இராபர்ட் ஓர்ம். அஞ்சுதெங்கில் பிறந்து, சென்னை ஆலோசனைச் சபையில் அமர்ந்து, கடிதங்களையும் குறிப்புகளையும் அயராது சேர்த்தவர். 1763இல் தமது போர் வரலாற்றின் முதற்பகுதியை வெளியிட்டார். அவர் தொகுத்த கையெழுத்துப் படிகள் இப்போது இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவர் நேர்மையாளர், தப்பி ஓடியதை வீரமாக மாற்றவில்லை. இருப்பினும் அவரது ஏட்டில் இருவருக்கே பெயர் உண்டு. கிளைவ் அடுத்த மாதமே ஆர்க்காட்டிற்குப் புறப்பட்டுப் புகழெய்தினார். பிகட் இருமுறை சென்னை ஆளுநராகி, 1776இல் தமது சபையினராலேயே சிறைவைக்கப்பட்டு, 1777இல் காவலிலேயே இறந்தார். விருத்தாசலத்துப் பாதையில் விழுந்த எழுவரோ எண்ணாகவே நின்றுவிட்டனர். பணியாட்களுக்கு அவ்வெண்ணும் இல்லை. உரியாவோடு மதிலருகே மடிந்த தாவீதின் சேவகரை வேதமும் பெயரிட்டுக் கூறவில்லையே எனச் சிலர் வினவலாம். ஆயினும் அக்கடிதத்தை எழுதியவன் யார், எதற்காக எழுதினான் என்பதை அதே அதிகாரம் வெளிப்படையாக உரைத்துவிடுகின்றது. கம்பெனியின் ஏடுகளில் இதனை எதிர்பார்த்தல் இயலாது.

ஆதலால் மற்றொரு சாட்சியத்தைத் தேடவேண்டும். கம்பெனியின் உத்தரவுகள் டேவிட் கோட்டையிலிருந்து புறப்பட்ட அதே ஆண்டுகளில், அருகிலிருந்த கடலூரில் அருட்பணியாளர் கீர்னாண்டர் ஊழியம் செய்துவந்தார். 1758 மே மாதம் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைக் கைப்பற்றியபோது, அவர் தரங்கம்பாடிக்குச் செல்ல வழிச்சீட்டு அளித்தார். போர் ஏடுகளில் கடலூரின் வீழ்ச்சி ஒரு வெற்றி அல்லது ஒரு தோல்வி. மிஷன் வரலாற்றில் அது தன் மேய்ப்பனை இழந்த ஒரு சபை. சுவார்ட்ஸ் ஐயரைத் தடையின்றிப் போகவிடும்படி ஹைதர் அலி தம் அதிகாரிகளுக்கு இட்ட உத்தரவு நம் பிரசங்கங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. அது நம்மிடம் வந்து சேர்ந்தது ஆங்கில வாழ்க்கை வரலாறுகளின் வழியே என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை. மிஷன் ஏடுகளும் தம் ஆதரவாளருக்காக எழுதப்பட்டவை. லீசியாவை வாசிக்கும் கண்ணோடேயே அவற்றையும் வாசிக்கவேண்டும்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறுக்க இயலாது. தஞ்சை மராட்டிய அரசனின் படையில் பணியாற்றிய இராசநாயக்கன், தமிழில் சுவிசேஷத்தை வாசித்துத் தரங்கம்பாடி சபையை நாடி வந்து உபதேசியாரானார். 1771இல் மரித்த இவரது வாழ்வு ஜெர்மனியின் ஹாலே நகரில் பேணப்படும் மிஷன் ஏடுகளில் பெயரோடு இடம்பெற்றுள்ளது. கம்பெனியின் ஏட்டில் வந்திருப்பின், அவர் பத்துப் பேரில் ஒருவராக எண்ணப்பட்டிருப்பார்.

நமது பழைய சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் தகப்பனின் தொழிலைக் குறிக்கும் பத்தி ஒன்று உண்டு. படை முகாம்களை அடுத்து வளர்ந்த சபைகளில் அப்பத்தியைப் படித்துப் பார்க்க நம் இளம் ஆயர்கள் சில மாலைப்பொழுதுகளைச் செலவிடலாம். அலமாரியின் அடித்தட்டில் கரையானுக்கு விடப்பட்டிருக்கும் ஏடுகளை முதலில் வெளியே எடுத்து, தூசி தட்டி, உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். பேண வசதியற்ற சபைகள் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்திற்கு எழுதிக் கேட்கலாம்.