குப்பைக்குழி கடல் தாண்டிப் போய் 'கம்போஸ்ட்' ஆன கதை

மாடித்தோட்டம் போட்டிருக்கிற டவுன் நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி, "கம்போஸ்ட் எப்படிங்க பண்றது?" என்பதுதான். செய்முறையைப் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அதுக்குப் பின்னால் ஒரு நீளமான கதை இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டுத் தொட்டியில் போட்டீங்கன்னா, கையில் அள்ளுறது என்னன்னு புரியும்.

முதலில் ஒரு சொல். டவுனில் குப்பை என்றால் தூக்கி எறிய வேண்டியது. எங்க ஊரில் குப்பை என்றால் காட்டுக்குப் போட வேண்டியது. "இந்த வருசம் எத்தனை வண்டி குப்பை அடிச்சீங்க?" என்று ஒரு குடியானவர் கேட்டால், அவர் எருவைக் கேட்கிறார் என்று அர்த்தம். கட்டுத்தரையில் அள்ளின சாணி, மாடு தின்று கழித்த சோளத்தட்டு, அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டின மண் எல்லாம் ஒரே குழிக்குத்தான் போகும். கோடையில் அதை வண்டியில் ஏற்றி, காட்டில் சின்னச் சின்னக் குமியாகக் கொட்டிவைத்து, மழை விழுந்ததும் இறைத்து உழுவார்கள். இது போக ஆட்டுப்பட்டி போடுவது, குளத்து வண்டல் அடிப்பது, கொளுஞ்சியும் ஆவாரையும் வயலில் மிதிப்பது எல்லாம் இருந்தது. உழுவதைவிட எருப்போடுவது நல்லது என்று வள்ளுவரே உழவு அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார்.

அதுக்காகப் பழசெல்லாம் குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். குழி வெயிலிலும் மழையிலும் திறந்தே கிடக்கும். சத்து பாதி ஆவியாகும், பாதி மழையில் கரைந்து ஓடும். மாட்டு மூத்திரம் தரையிலேயே வீணாகும். விறகு கிடைக்காத ஊர்களில் சாணி எருவாகாமல் வரட்டியாகி அடுப்புக்குப் போகும். 1889-இல் இங்கிலாந்திலிருந்து வந்து இந்தியா முழுக்கச் சுற்றிய வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலாளர், 1893-இல் வெளியான அறிக்கையில் இதைத்தான் சொன்னார். குடியானவன் அறிவில்லாமல் சாணியை எரிக்கவில்லை, விறகு இல்லாமல்தான் எரிக்கிறான். விறகுக்கு வழி பண்ணுங்கள் என்றார்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் காற்று வேறு பக்கம் அடித்தது. 1840-இல் லீபிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, செடிக்கு வேண்டியது தாது உப்புகள்தான் என்று எழுதினார். நம்ம ராணிப்பேட்டையில் 1906-இலேயே சூப்பர் பாஸ்பேட் ஆலை வந்துவிட்டது. 1913-இல் ஜெர்மனியில் காற்றிலிருக்கிற நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியா ஆக்கும் ஆலை ஓட ஆரம்பித்தது.

இந்தச் சமயத்தில், 1905-இல், ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் பீகாரிலிருந்த பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். வெள்ளைக்கார விவசாயத்தை நமக்குச் சொல்லித்தர வந்தவர், சுற்றுவட்டாரக் குடியானவர்களையும் பயிரைத் தின்கிற பூச்சிகளையுமே தன் வாத்தியார்களாக ஏற்றுக்கொண்டார். சீனா, கொரியா, ஜப்பான் விவசாயிகள் எந்தக் கழிவையும் வீணாக்காமல் மண்ணுக்கே திருப்புவதைப் பற்றி கிங் என்ற அமெரிக்கர் எழுதி 1911-இல் வந்த புத்தகமும் அவரைப் பிடித்துக்கொண்டது.

1924-இல் இந்தூரில் ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும், ஹோவர்டும் அவர் மனைவி கேப்ரியலும் வேதியியலாளர் யஷ்வந்த் வாட் என்பவரும் குப்பைக்குழியைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் செய்ததைப் பார்த்தால் நம்ம கட்டுத்தரைதான் கண்ணில் தெரியும். பருத்திமார், துவரைமார் மாதிரி கட்டையான கழிவை வண்டிப்பாதையில் பரப்பி, சக்கரம் ஏறி நசுங்கவிட்டார்கள். அதை மாட்டுக்குப் படுக்கையாகப் போட்டார்கள். மூத்திரம் ஊறிய தரை மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். இதோடு சாணிக்கரைசலும் சாம்பலும் சேர்த்து, ஆழமில்லாத குழியில் அடுக்கு அடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் பார்த்து, மூன்று தடவை புரட்டினார்கள். 90 நாளில் எரு தயார். நம்ம குழியில் வருசம் பூரா கிடந்தும் பாதி மட்காமல் இருக்குமே, அதுக்குக் காரணம் காற்றும் கணக்கும் இல்லாததுதான். கரி அதிகமுள்ள காய்ந்த கழிவும் நைட்ரஜன் உள்ள பச்சைக் கழிவும் சரியான அளவில் சேர்ந்து, உள்ளே காற்றும் போனால், நுண்ணுயிர் வேலை செய்து குவியல் சூடாகும். 30 பங்கு கரிக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்பதுதான் இன்றைக்கும் கணக்கு.

1930-இல் கேப்ரியல் இறந்துபோனார். 1931-இல் ஹோவர்டும் வாட்டும் சேர்ந்து எழுதிய புத்தகம் வந்தது. 1935-இல் காந்தி தன் ஹரிஜன் இதழில் இந்தூர் முறையைப் பற்றி எழுதினார். 1940-இல் ஹோவர்ட் தனியாக எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் போய், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இயற்கை விவசாய இயக்கங்களுக்கு வித்தானது. ஹோவர்ட் பெயர் நிலைத்தது. வாட் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கட்டுத்தரை மண்ணைச் சுரண்டிய குடியானவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

1939-இல் பெங்களூரில் ஆச்சார்யா என்ற விஞ்ஞானி இன்னொரு முறை கண்டுபிடித்தார். ஊர்க் கழிவையும் மனிதக் கழிவையும் அகழியில் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே மண் பூசி மூடி, புரட்டாமலே மட்க வைப்பது. பல நகராட்சிகள் இந்த முறையில் எரு செய்தன. டவுன் தின்றது காட்டுக்குத் திரும்ப ஒரு வழி கிடைத்தது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் கழிவை யார் அள்ளினார்கள்? சாதியின் பேரால் அந்த வேலையில் தள்ளப்பட்டவர்கள்தான். கிராமத்திலும் குப்பைக்கூடை பெரும்பாலும் பண்ணையாள் தலையில்தான் ஏறியது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டங்கள் 1993-இலும் 2013-இலும் வந்தும் அந்தக் கொடுமை முழுசாகப் போகவில்லை. எருவின் பெருமை பேசுகிறவன் அதைச் சுமந்த தலையையும் நினைக்கணும்.

பிறகு யூரியா வந்தது. 1966-இல் ஐஆர்-8 நெல் வந்தபோது அதுக்குத் தீனி வேண்டியிருந்தது. விவசாயி ஏன் மாறினான் என்று இப்போது குறை சொல்வது சுலபம். கணக்கைப் பாருங்க. பழைய 50 கிலோ யூரியா மூட்டையில் நைட்ரஜன் 23 கிலோ. தொழு எருவில் நூற்றுக்கு அரைப் பங்குதான் நைட்ரஜன், டன்னுக்கு 5 கிலோ. ஒரு மூட்டைக்கு ஈடாக நாலரை டன் எரு அடிக்கணும், கிட்டத்தட்ட ஒன்பது மாட்டு வண்டி. ஒருத்தன் தோளில் தூக்கிவருவதை விட்டு எவன் ஒன்பது வண்டி கட்டுவான்? மண்ணைப் பொலபொலவென வைத்திருப்பதும், ஈரம் பிடிப்பதும், மண்புழுவை வளர்ப்பதும் அந்த மூட்டையில் இல்லை என்பது நிலம் இறுகிய பிறகுதான் உறைத்தது. அதுக்குள் டிராக்டர் வந்து மாடு குறைந்து, குழியும் தூர்ந்துபோனது. டவுன் குப்பையிலோ பிளாஸ்டிக்கும் பேட்டரியும் கண்ணாடியும் கலந்தது. அதை எந்தக் காட்டில் கொட்டுவது?

இனி செய்முறை. மாடு இல்லையே என்று கவலைப்படாதீங்க. ஓட்டை போட்ட டிரம்மோ பெரிய தொட்டியோ போதும். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை. தெருவில் கூட்டி எரிக்கிறாங்களே, அந்த இலைதான் உங்க பருத்திமார். கட்டுத்தரை மண்ணுக்குப் பதிலாக இரண்டு கை பழைய எருவோ கொஞ்சம் புளித்த மோரோ. பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வருகிற அளவு ஈரம். வாரம் ஒருமுறை புரட்டணும். நாற்றம் வந்தால் இலை சேருங்க, சூடே வராமல் காய்ந்து கிடந்தால் தண்ணீர் தெளிங்க. இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண் வாசம் வரும். அப்புறம் சலித்து, தொட்டி மண்ணில் மூன்றில் ஒரு பங்கு கலக்கலாம். வளர்கிற செடிக்கு மாதம் ஒரு கை. பாதி மட்கியதைப் போடாதீங்க. மீதி மட்கும்போது அது மண்ணிலிருக்கிற நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும்.

எங்க காட்டிலிருந்து லாரி லாரியாகக் காய் உங்க ஊருக்கு வருது. அதோடு எங்க மண்ணின் சத்தும்தான் வருது. திரும்பி ஒரு கூடை கூட வருவதில்லை. எங்க காடு வரைக்கும் அனுப்ப முடியாவிட்டாலும் பரவாயில்லை. உங்க மாடியில் ஒரு கத்திரிச்செடிக்காவது அது போய்ச் சேரட்டும். குப்பை என்ற சொல்லுக்குப் பழைய மரியாதை அங்கிருந்தாவது திரும்பட்டும்.