பேராதனைக் கலைப்பீடமும் மட்டக்களப்புக் கூத்தும்: 1962ஆம் ஆண்டை முன்வைத்து

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகத்தில் 1962ஆம் ஆண்டு மட்டக்களப்புக் கூத்து மரபுகளுள் ஒன்றான வடமோடியில் அமைந்த ‘கர்ணன் போர்’ மேடையேறியது. தயாரித்தவர் தமிழ்த்துறை விரிவுரையாளர் கலாநிதி சு. வித்தியானந்தன், ஆடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். மட்டக்களப்பு நாட்டுக்கூத்துகளில் ஒன்றான ‘அலங்காரரூபன் நாடகம்’ அவருடைய பதிப்பாக அச்சேறியதும் அதே ஆண்டில்தான். ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை எழுதியோர் எவரும் இந்த ஆண்டைத் தவறவிடவில்லை. ஆயினும் அதற்கு அவர்கள் சொல்லிவரும் விளக்கம் முழுமையானதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வழமையாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. முதலாவது, வித்தியானந்தன் என்ற தனிமனிதரின் ஈடுபாடு. இரண்டாவது, எதிரிவீர சரச்சந்திராவின் ‘மனமே’. 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வெண்ட் அரங்கில் மேடையேறிய அந்நாடகம், சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றியது. அதன் வடிவம் சிங்கள நாடகம என்னும் கிராமிய ஆற்றுகையிலிருந்து பெறப்பட்டது. நாடகமவோ தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது. இதைச் சரச்சந்திரா தம் ஆய்வுகளில் மறைக்கவில்லை. 1961இல் அவருடைய ‘சிங்கபாகு’ வந்தபோது, நம்மிடமிருந்து சென்ற வடிவம் இவ்வளவு உயரம் எட்டியிருக்க நம் கூத்து எங்கே நிற்கிறது என்ற கேள்வி பேராதனைத் தமிழரிடையே எழுந்தது இயல்பே. 1956 யூனில் தனிச்சிங்களச் சட்டம், 1958இல் இனக்கலவரம், 1961இல் வடக்கிலும் கிழக்கிலும் சத்தியாக்கிரகம் என்ற வரிசையில் வந்த காலம் அது. தனக்கென ஒரு தேசியக் கலைவடிவம் வேண்டும் என்ற வேட்கை தமிழ்ச் சமூகத்தில் மிகுந்திருந்தது.

இவ்விரு காரணங்களையும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஆசிரியர் விரும்பியதாலோ அயலார் வென்று காட்டியதாலோ மட்டும் வடமோடி ஆட்டம் ஒரு மாணவனின் காலில் வந்து ஏறிவிடாது. ஆடத் தெரிந்த கால்கள் பேராதனைக்கு எப்படி வந்தன என்பதையும் கேட்டாக வேண்டும்.

இதற்கு விடை காணக் கொஞ்சம் பின்னோக்கிச் செல்ல வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தொடங்கியது. 1943இல் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். நாடகவியல் பற்றிய அவருடைய ‘மதங்க சூளாமணி’ 1926இலேயே வெளிவந்துவிட்டது. அந்நூல் சேக்சுபியரின் நாடகங்களையும் வடமொழித் தசரூபகத்தையும் மையமாகக் கொண்டது. ‘யாழ் நூல்’ என்னும் இசை ஆய்வு நூலுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த அந்தப் பெருமகன், தம் பிறந்த மண்ணின் கூத்துக் களரியை ஆய்வுப் பொருளாக்கும் காலம் அன்று கனிந்திருக்கவில்லை. அவருக்குப் பின் வந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை இன்னோர் அடி எடுத்து வைத்தார். ‘நானாடகம்’ முதலான அவருடைய நாடகங்களில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழ் தயக்கமின்றி மேடையேறியது. மக்கள் பேசும் மொழி பல்கலைக்கழகத்துக்கு உகந்தது என்று அவர் நிலைநாட்டியிராவிட்டால், மக்கள் ஆடும் ஆட்டமும் உகந்ததே என்று அவருடைய மாணவர் வித்தியானந்தன் துணிந்திருப்பாரா என்பது ஐயமே.

இவை யாவும் ஆசிரியர் தரப்பில் நிகழ்ந்தவை. மாணவர் தரப்பில் நிகழ்ந்த மாற்றம் இதைவிடப் பெரிது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா காலத்தில் நாட்டுப்புறங்களில் எழுந்த மத்திய கல்லூரிகளும் வேளாண் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் கதவைத் திறந்தன. அவற்றில் ஒன்று மட்டக்களப்பின் வந்தாறுமூலையில் அமைந்தது. எனினும் ஆங்கிலம் என்ற பூட்டு எஞ்சியிருந்தது. 1960இல் கலைப்பீடத்தில் சுதேச மொழிவழிக் கல்வி தொடங்கியதும் அதுவும் அகன்றது. நகர்ப்புற ஆங்கிலக் கல்லூரிகளின் பிள்ளைகள் நிறைந்திருந்த மண்டபங்களில், களரி ஓரத்தில் விடியவிடியக் கண்விழித்து வளர்ந்தவர்கள் வந்து அமர்ந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் வந்தாறுமூலையில் படித்த சி. மௌனகுரு. பேராதனைக் கூத்துகளில் தலைமைப் பாத்திரங்களை ஏற்றவர் அவர். 1962இன் அறுவடைக்கு வித்திட்டவர்கள் என்று கல்விக் கொள்கையை வகுத்தோரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கூத்தை மேடைக்கு ஏற்றவாறு மாற்றிய பணியின் கனத்தை உணர, மட்டக்களப்பில் ஒரு கூத்து உருவாகும் முறையை அறிந்திருக்க வேண்டும். ஊர் கூடிக் கதையைத் தெரிவுசெய்யும். கூத்தைப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியார் ஆளுக்கேற்பப் பாத்திரம் வகுத்து, ‘சட்டம்’ எனப்படும் அவரவர் பாட்டுப் பகுதியைக் கொடுப்பார். மாதக்கணக்கில் இரவுப் பயிற்சி நடக்கும். சதங்கை அணிவிழா, அடுக்குப் பார்த்தல் என்னும் ஒத்திகை என்று படிப்படியாக முன்னேறி அரங்கேற்றத்தில் வந்து நிற்கும். ஆடுமிடம் வட்டக்களரி. நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியார், அவரருகே சல்லரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும் நிற்க, அவர்களைச் சுற்றிக் கூத்தர் ஆடுவர். அவர்களைச் சுற்றிச் சனம். வீசாணம், எட்டு, நாலடி, பொடியடி என ஒவ்வோர் ஆட்டக்கோலமும் இந்த வட்டத்தின் கணக்கிலேயே அமைந்தது. ஆடுபவருக்கு முன்பக்கம் பின்பக்கம் என்பதில்லை.

இதைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவரும்போது எல்லாமே புரண்டுவிடுகிறது. நடுவில் நின்ற அண்ணாவியார் ஓரத்துக்குப் போகிறார். நாலாபுறமும் திரும்பிய ஆட்டம் ஒரே திசையை நோக்க வேண்டியதாகிறது. விடியும்வரை நீண்ட கதை ஒன்றிரண்டு மணி நேரத்துள் அடங்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் வரவுகளும் விருத்தங்களும் சுருங்க வேண்டும். எதை வெட்டுவது, எதை விடுவது என்பதை ஏட்டை மட்டும் கற்றவர் தீர்மானிக்க இயலாது. ஒரு தாளக்கட்டைக் குறைத்தால் அடுத்த ஆட்டம் தள்ளாடும் என்பது மத்தளம் பிடித்த கைக்குத்தான் தெரியும். அந்தக் கை வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாருடையது. பல்கலைக்கழக மாணவரும் விரிவுரையாளரும் கிராமத்து அண்ணாவியார் ஒருவரிடம் பாடம் கேட்டனர். ‘கூத்தாடி’ என்பதை வசைச்சொல்லாக வழங்கிவந்த படித்த வர்க்கத்தின் கண்முன்னே இது நடந்தது. 1962இல் கலைப்பீடம் ஈட்டிய பேறுகளில் இதையே நான் தலையாயதாகக் கருதுகிறேன்.

‘கர்ணன் போர்’ தனித்து நிற்கவில்லை. அடுத்த ஆண்டு ‘நொண்டி நாடகம்’, அறுபதுகளின் நடுவிலும் பிற்பகுதியிலும் ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ எனத் தொடர்ந்தன. இவற்றுள் ‘இராவணேசன்’ மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. முந்தியவை இருந்த கூத்தைச் செப்பனிட்டவை. இதன் எழுத்துருவை மௌனகுரு புதிதாக ஆக்கினார். தன் முடிவைத் தானே தேடிக்கொள்ளும் அவலத் தலைவனாக இராவணன் இதில் நின்றான். வீரத்தை முழங்குவதற்கு வாய்த்த வடமோடி ஆட்டம், மனப்போராட்டத்தையும் தாங்க வல்லது என்பது இதில் புலனாயிற்று.

கூத்தின் தாக்கம் ஆய்வுலகிலும் பரவியது. பிற்காலத்தில் மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். வந்தாறுமூலைக் கல்லூரி வளாகத்தில் 1981இல் தொடங்கிய மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. அவர் அங்கு நுண்கலைத்துறைப் பேராசிரியரானார். கூத்து அங்கே பாடத்திட்டத்தில் இடம்பெற்றது.

இந்த வளர்ச்சிக்கு வலுவான மறுப்பும் அதே பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தது. கலாநிதி சி. ஜெயசங்கர், கூத்து அதை ஆடும் சமூகத்தின் சொத்து; அதைப் பிரித்தெடுத்து நகர மேடைக்குச் செப்பனிடுவதைவிட, ஊரவரோடு ஊரிலேயே அதை மீளுருவாக்கம் செய்வதே முறை என்றார். மட்டக்களப்பின் சீலாமுனையில் அதைச் செயலிலும் காட்டினார். பேராதனை முயற்சியில் களரியைச் சுற்றியிருந்த சமூகம் வெறும் பார்வையாளராகச் சுருங்கியது என்ற அவர் தரப்பின் கண்டனம் நியாயமானது; வட்டம் உடைந்ததோடு அந்த உறவும் உடைந்தது. ஆனால் 1962இல் கூத்துக்குப் படித்தோர் மத்தியில் மதிப்புத் தேடித்தராமல், 2000ஆம் ஆண்டுகளில் ஊர்மக்கள் அதைத் தம் உரிமையாக நிமிர்ந்து கோரும் சூழல் எளிதில் வாய்த்திருக்காது. ஆகவே மீளுருவாக்கத்தைப் பேராதனை முயற்சியின் தொடர்ச்சியாகவே கொள்ளத் தகும்.

தீர்க்கப்படாத கடன் ஒன்று உண்டு. பேராதனைக் கூத்துகளைப் பற்றிய எழுத்துகளில் தயாரிப்பாளர் பெயர் முதலில் வருகிறது, நடிகர் பெயர்கள் வருகின்றன. அண்ணாவியார் பெரும்பாலும் நன்றியுரையில் வரும் ஒருவராகவே நின்றுவிடுகிறார். ஆட்டத்தை அமைத்தவரும் தாளத்தைக் கணித்தவரும் அவரே என்னும்போது இது பொருந்தாது. ஈழத்து நாடக வரலாற்றை இனி எழுதுவோர், ‘கர்ணன் போர்’ என்ற தலைப்பின் கீழ் வித்தியானந்தன் பெயரோடு செல்லையா அண்ணாவியார் பெயரையும் இணைப்படைப்பாளராகவே பதிவுசெய்ய வேண்டும். நூலகப் பட்டியல்களும் ஆவணக் காப்பகங்களும் அவ்வாறே திருத்தப்பட வேண்டும்.